பெயர் தெரிந்தால்தான் ஊர் கிடைக்கும்

பினாங்குப் பாலம் 1985இல் திறக்கும் முன், தன் தோட்டத்துப் பழங்கதையைத் தேடும் சுங்கை பாக்காப்காரர் பட்டர்வொர்த்துக்குப் பஸ் ஏறி, ஃபெரியில் தீவுக்குப் போய், நூலகத்தில் நாளிதழ்க் கட்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. பாதி நாள் வழியிலேயே போய்விடும். ஆனால் அங்கே மேசைக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். "எந்த வருஷம்? கரும்புக் காலமா, ரப்பர் காலமா? எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விகளிலேயே தேடல் பாதி முடிந்துவிடும்.

இன்று கூகள் எதையும் கேட்பதில்லை. 'சுங்கை பாக்காப்' என்று தட்டினால் 2024 ஜூலை 6 இடைத்தேர்தல் செய்திகள் வந்து குவிகின்றன. 'தேர்தல்' என்ற சொல்லின் முன் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அவற்றில் பெரும்பாலானவை விலகும். ஊர்ப்பெயரை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தால் வேறு சுங்கைகள் குறுக்கே வராது.

பழைய ஏடுகளுக்கு இது போதாது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 19ஆம் நூற்றாண்டு இதழ்களையும் வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் ஆங்கில எழுத்தில் இன்று ஏ-ஐ என முடியும் 'சுங்கை', அந்தப் பழைய ஏடுகளில் பெரும்பாலும் ஈ-ஐ என முடிந்தது. செபராங் பிறை அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி. வால்டோர் தோட்டத்தை ஒரே சொல்லாகவும், மேற்குறியோடு பிரித்தும் தேட வேண்டும்.

மனம் கசக்கும் ஒன்றும் உண்டு. 'இந்தியத் தொழிலாளர்' என்று மட்டும் தேடினால் நம்மவர்களில் பலர் கிடைக்கமாட்டார்கள். அன்றைய ஆங்கில ஏடுகள் 'கூலி' என்றே எழுதின. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும் அந்தச் சொல் ஒழியவில்லை. கை கூசினாலும் அதைத் தட்டித்தான் அவர்களைக் கண்டெடுக்க வேண்டும்.

நூலகர் கேட்ட கேள்விகளை இப்போது பிள்ளைகள்தான் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். தோட்டத்துக்கு அன்று என்ன பெயர், கங்காணி யார், கிராணி யார், எந்தக் கப்பல்? "ரஜூலாவில வந்தோம்யா" என்று ஒரு பாட்டி சொன்னால், 1926 முதல் பல பத்தாண்டுகள் நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பலின் பெயர் கையில் கிடைத்துவிடுகிறது. அதோடு பினாங்கையும் சேர்த்து, அவர் வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷம் எல்லை வைத்துத் தேடினால் போதும். கப்பல் வரவுச் செய்திகள் தேதியோடு வரிசைகட்டும்.