இரவின் நதியும் ஓர் ஓவியரின் வழக்கும்

பகலிலே ஆற்றங்கரையில் நிற்பவனுக்குப் படகும் பாலமும் பண்டசாலையும் தனித்தனியே தோன்றும். அதே கரையில் இரவிலே நின்றால் அவையெல்லாம் இருளிற் கரைந்துவிடும். நீரும் வானும் ஒரே நிறமாகும். விளக்கொளி மாத்திரம் நீர்மீது நீண்டு நடுங்கும். இக்காட்சியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாத ஒன்றையே ஓவியமாக்கத் துணிந்தோர் மிகச் சிலர். அவருள் ஒருவர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். அவர் தீட்டிய இராக்காட்சிகள், ஓர் ஓவியத்தின் உழைப்பு எங்கே இருக்கிறது என்னும் வினாவை எழுப்பின. அவ்வினா நீதிமன்றம் வரையும் சென்றது.

விஸ்லர் 1834ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலே பிறந்தவர். பாரிசிலே ஓவியம் பயின்று, 1859ஆம் ஆண்டில் இலண்டன் வந்து குடியேறினார். தேம்ஸ் நதியின் வடகரையிலுள்ள செல்சியில் அவர் வாழ்ந்தார். எதிர்க்கரையிலே பற்றர்சி. அது தொழிற்சாலைகளும் புகைபோக்கிகளும் செறிந்த பகுதி. நிலக்கரிப் புகையும் ஆற்றின் ஈரமும் கலந்த மூடுபனி அடிக்கடி அங்கே கவியும். பகலில் வெறுப்பூட்டிய அக்கட்டடங்கள் இரவிலே வெறும் நிழலுருக்களாகி அமைதியுற்று நிற்பதை விஸ்லர் கண்டார்.

அயலிலே படகுத் தொழில் செய்த கிறீவ்ஸ் குடும்பத்துச் சகோதரர் இருவர் அவரை இரவில் ஆற்றிலே ஏற்றிச் செல்வர். இருளில் வண்ணங் குழைத்து வரைதல் இயலாது. சிலவேளை தாளிலே சுண்ணக்கோலாற் சில கோடுகள் இட்டுக்கொள்வார். பெரிதும் அவர் நம்பியது நினைவையே. ஒரு காட்சியை நெடுநேரம் நோக்குவார். பின் அதற்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, வானம் எத்தகைய நிறம், விளக்குகள் எத்தனை, கூரைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று பாடம் ஒப்புவிக்கும் மாணவனைப் போல உடனிருக்கும் நண்பரிடம் கூறுவார். தவறினால் மீண்டும் நோக்குவார். மறுநாள் ஓவியக்கூடத்திலே அந்நினைவைத் துணியில் ஏற்றுவார். நினைவிலே சிறியன உதிர்ந்து, இன்றியமையாதன மாத்திரம் எஞ்சுமன்றோ!

இம்முறை இரவின் இயல்புக்கும் ஒத்ததே. நமது விழித்திரையில் ஒளியுணரும் கலங்கள் இருவகை. கூம்புகள் நல்லொளியிலே நிறத்தையும் நுண்மையையும் அறிவன. கோல்கள் மங்கிய ஒளியிலே தொழிற்படுவன. ஆயினும் அவை நிறம் பிரித்தறியமாட்டா. இருள் வரவரச் சிவப்பு முதலில் கறுத்துப்போக, நீலம் ஒப்பளவில் ஒளிமிக்கதாகத் தோன்றும். செக் நாட்டு உடற்றொழிலியலறிஞர் பேர்க்கிஞ்ஜே இதனை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எடுத்துக்காட்டினார். ஆகவே விஸ்லரின் இரவுகள் நீலமும் சாம்பலுமாய், நுணுக்கமின்றி இருப்பது குறையன்று. இரவிலே மனிதக் கண் காணும் உண்மைக்கு அது நெருங்கியதே.

வரையும் முறையும் புதிது. வண்ணத்தை நீர்போல் மெல்லியதாகக் கரைத்துக்கொள்வார். அது வழிந்தோடாதிருக்கத் துணியை நிலத்திலே கிடத்தி, அகன்ற தூரிகையால் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நீண்ட இழுப்புகளாக ஆற்றைத் தீட்டுவார். மனத்துக்கு ஒவ்வாவிடின் முழுவதையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவார். யப்பானிய அச்சோவியர் ஹிரோஷிகேயின் படங்களையும் அவர் நன்கு அறிந்திருந்தார். பழைய பற்றர்சிப் பாலத்தை அவர் தீட்டியபோது, அதன் ஒரு தூணை மாத்திரம் உண்மையினும் உயர்த்தி நிறுத்தி, அப்பால் வாணவேடிக்கையின் பொற்பொறிகளைத் தூவினார். இத்தகைய படங்களுக்கு இசையிலிருந்து 'நொக்டேர்ண்', அதாவது இராப்பண், என்னும் பெயரைச் சூட்டும்படி கூறியவர் அவருடைய புரவலர் லேலண்ட். கதையன்று, நிறங்களின் இசைவே தம் பொருள் என்பதை விஸ்லர் அப்பெயரால் உணர்த்தினார்.

1877ஆம் ஆண்டில், 'கறுப்பும் பொன்னும்: வீழும் வாணம்' என்ற படம் இலண்டன் குறோவ்னர் கலைக்கூடத்திலே வைக்கப்பட்டது. விலை 200 கினி. அக்காலத்துக் கலைத்திறனாய்வாளருள் பெரும்புகழ் பெற்ற ஜோன் றஸ்கின் அதனைக் கண்டு சினந்து, பொதுமக்களை ஏமாற்றும் செயலென இகழ்ந்தெழுதினார். றஸ்கின் கலையறியாதவரல்லர். டேணரின் மூடுபனி ஓவியங்களைப் பிறர் பழித்தபோது அவற்றுக்காக வாதாடியவர் அவரே. ஆயினும் பொறுமையும் உழைப்பும் படத்திலே வெளிப்படத் தெரிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உழைப்பாளிக்கு நேர்மையான கூலி வேண்டுமென்று எழுதிவந்த அவருக்கு, விரைவிலே முடிந்த படத்துக்குப் பெருவிலை கேட்டல் அநீதியாகப்பட்டது.

விஸ்லர் 1,000 பவுண் நட்டஈடு கோரி மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் அது விசாரிக்கப்பட்டது. நோய் காரணமாக றஸ்கின் வரவில்லை. அவருக்காக வாதாடிய சட்டமா அதிபர், அப்படத்தைத் தீட்ட எத்தனை நாட்சென்றன என வினவினார். ஏறத்தாழ இரண்டு நாள் என்றார் விஸ்லர். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று வினா மடங்கி வந்தது. அன்று, வாழ்நாள் முழுதும் ஈட்டிய அறிவுக்காகவே அவ்விலை கேட்டதாக அவர் விடையளித்தார். தீர்ப்பு அவர் பக்கமே கிடைத்தது. ஆனால் நட்டஈடு ஒரு பார்திங், பென்னியின் காற்பங்கு! வழக்குச் செலவும் வழங்கப்படவில்லை. றஸ்கினின் செலவை அவருடைய அன்பர்கள் பணந்திரட்டிக் கொடுத்தனர். விஸ்லரோ 1879 மே மாதத்திலே கடனிறுக்க இயலாதவராகி, வீட்டையும் இழந்தார். அவ்வாண்டிலேயே செதுக்கோவியங்கள் செய்யும் பணியேற்று வெனிசு நகர் சென்று, அந்நீர்நகரின் இரவுகளையும் தீட்டித் தம் வாழ்வை மீண்டும் தொடங்கினார்.

இகழப்பட்ட வாணப்படம் 1892ஆம் ஆண்டில் 800 கினிக்கு விலைப்பட்டது. இன்று அமெரிக்காவின் டெட்ரோயிற் கலைக்கூடத்தில் உள்ளது. பழைய பற்றர்சிப் பாலம் 1885ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதன் இரவுத் தோற்றத்தை டேற் கலைக்கூடத்திலுள்ள விஸ்லரின் படத்திலே இன்றும் காணலாம். விலையின் உயர்வு ஒன்றே அவ்வழக்கின் வினாவுக்கு விடையாகாது. எதனைச் சேர்ப்பது என்பதைக் கைகள் சில ஆண்டுகளில் கற்றுக்கொள்ளும். எதனை விடுவது என்பதை அறியவோ பன்னாள் பார்த்தலும் பன்முறை அழித்தலும் வேண்டும். அந்த உழைப்பு துணியிலே தெரிவதில்லை. அப்படத்தின் முன் அமைதியாகச் சற்றுநேரம் நிற்பவனுக்கு, இருளுக்குள்ளிருந்து ஒரு படகும் அதன் பின்பகுதியில் நிற்கும் படகோட்டியும் மெல்ல மெல்லப் புலப்படுவர்.