பழைய புல்லட்டும் இருமடி விதியும்

ஆண்டுக்கணக்கில் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கிக் கிடக்கும் மோட்டார் சைக்கிளை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். என் தந்தை ஓட்டிய 1974ஆம் ஆண்டுப் புல்லட்டும் அப்படித்தான் கிடந்தது. சென்னையில் 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் செய்த, 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள வண்டி அது. ஒரு கோடை விடுமுறையில் அதைப் பிரித்தேன். பெட்ரோல் தொட்டியின் துருவை அகற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், எண்ணெயை மாற்றினேன், சட்டத்துக்குப் பளபளப்பான கறுப்பு வண்ணமும் பூசினேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்து உதைத்தேன். கால் வலித்ததே தவிர வண்டி கிளம்பவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக், "என்ஜின் போயிடுச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார். திண்ணையில் அமர்ந்திருந்த தந்தை எதுவும் சொல்லவில்லை. எடைக்குப் போடுமுன் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவோம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் மின்பொறி எப்படிப் பிறக்கிறது? அக்கால வண்டிகளில் இருப்பது 6 வோல்ட் பாட்டரி. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் தேவை. இந்த வித்தையைச் செய்வது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. 'பாயிண்ட்' எனப்படும் சிறு தொடுமுனைகள் சட்டென்று விலகியதும் மின்னோட்டம் அறுபட்டுக் காந்தப்புலம் சரிகிறது. அப்போது, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் தோன்றுகிறது. பாயிண்ட் விலகும் இடத்திலேயே பொறி பறந்து ஆற்றல் வீணாகாதபடி காப்பது, கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி.

சுருளில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். முதன்மைச் சுருளின் மின்தடை 1.5 ஓம் எனக் கொள்வோம். 6 வோல்ட்டை 1.5ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். வழியில் எங்கோ இன்னொரு 1.5 ஓம் தடை புகுந்துவிட்டால் 2 ஆம்பியர்தான் பாயும். மின்னோட்டம் பாதியாகிறது, பொறியின் ஆற்றலோ கால்பங்காகிவிடுகிறது! கையில் எடுத்துப் பார்த்தால் உணர முடியாத தடை, ஒரு என்ஜினையே செத்ததாகக் காட்டிவிடும்.

நான் அளந்தபோது கண்டதும் இதுவே. சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடிய நிலையில் முதன்மைச் சுருளின் இரு முனைகளுக்கிடையே பார்த்தேன். ஏறக்குறைய 3 வோல்ட்தான் இருந்தது. மீதி எங்கே போயிற்று? பாயிண்டின் இரு முகங்களுக்கிடையே 1 வோல்ட். என்ஜினுக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே 2 வோல்ட். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் வண்டியின் உலோகச் சட்டத்தின் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அந்தச் சட்டத்தின் மீதுதானே நான் பளபளப்பாக வண்ணம் பூசியிருந்தேன்! வண்ணப்பூச்சு மின்கடத்தாப் பொருள். எர்த் கம்பியை அதன் மேலேயே முடுக்கியிருந்தேன். குற்றவாளி என்ஜின் அன்று, நானே.

எர்த் போல்ட்டின் அடியில் மட்டும் உலோகம் தெரியும்வரை சுரண்டினேன். பாயிண்டின் முகங்களை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். பின் ஃபீலர் கேஜ் கொண்டு, பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அமைத்தேன். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால் கையேட்டில் உள்ளபடி அதையும் சரிபார்க்க வேண்டும். பொறி மிகவும் முந்தினால், மேலேறும் பிஸ்டன் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் முறியவும் கூடும். பொறியைச் சோதிக்கும்போது ஸ்பார்க் பிளக்கை, அதைக் கழற்றிய துளைக்கு அருகில் வைக்கக்கூடாது. அத்துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றிக்கொள்ளும்.

இன்று பலர் பழைய வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கிறார்கள். பிரகாசமான விளக்குக்காக 6 வோல்ட் பாட்டரியை எடுத்துவிட்டு 12 வோல்ட் வைப்பதும் அவற்றுள் ஒன்று. இங்கும் அதே இருமடி விதி காத்திருக்கிறது. பழைய 1.5 ஓம் காயிலையே விட்டுவைத்தால் 4 ஆம்பியர் 8 ஆகும். வெப்பமாகும் திறனோ 24 வாட்டிலிருந்து 96 வாட்டுக்கு, அதாவது நான்கு மடங்காக உயரும். சாவியை அணைக்க மறந்து, பாயிண்ட் மூடிய நிலையில் வண்டியை நிறுத்திவிட்டால் காயில் கருகிவிடும். ஆகவே காயில், பல்புகள், ஹாரன், பாட்டரியை மின்னேற்றும் அமைப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓரிடத்தில் கை வைத்தால் சுற்று முழுவதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, மூன்றாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. சத்தம் கேட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்த தந்தை, "கொஞ்சம் ஓட விடு, அணைச்சிடாதே" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி கிடக்கிறதா? அதை எடைக்குப் போடுமுன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். சுருளில் எத்தனை வோல்ட் வருகிறது, மீதி எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்.