தூண்டிலும் பந்தயமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, லாக் லீவன் என்னும் ஏரிக்கரையில் ஒரு நாள் முழுவதும் காத்து நின்றேன். சரித்திரம் பயிலும் மாணவர்கள் அந்தப் பெயரை அறிந்திருக்கக்கூடும். அரசி மேரி 1567-இல் சிறை வைக்கப்பட்டதும், மறு ஆண்டு தப்பிச் சென்றதும் அந்த ஏரியின் தீவுக் கோட்டையிலிருந்துதான். ஆனால் நான் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. என்னுடன் தங்கியிருந்த நண்பர் ஒரு மீன்பிடிப் பந்தயத்தில் கலந்துகொண்டார்; அவருக்குத் துணையாகப் போனேன். ஒரு படகுக்கு இரண்டு பேர். இருவரும் எதிரெதிர்ச் சங்கத்தார்! காலை முழுவதும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒருவர் சிற்றுண்டியை மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டு போட்டியிட்டார்கள். இதென்ன பந்தயம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்த வித்தை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குளக்கரைத் தூண்டிலில் மண்புழு உண்டு, தக்கை உண்டு. இதில் அவை இல்லை. இரையாக இருப்பது ஒரு பொய் ஈ. சிறு முள்ளின்மேல் இறகையும் பட்டு நூலையும் சுற்றிக் கட்டிய உரு. அதற்குக் கனமே கிடையாது. கனமில்லாததை எறிய முடியாது. ஆகையால் கனத்தைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். சாட்டையை வீசுவதுபோல் கோலைப் பின்னும் முன்னும் வீச, கயிறு காற்றில் வளைந்து விரிந்து, ஈயை நீரின்மேல் ஓசையின்றி இறக்கி வைக்கும். டிரவுட் என்னும் மீன் அதை மெய்யான பூச்சி என்று நம்பி எழ வேண்டும். (வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நம் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் விட்ட மீனும் இதுவே.) அன்று ஆற்றில் எந்தப் பூச்சி பிறக்கிறது, மீன் அதை மேலே உண்கிறதா அடியில் உண்கிறதா என்று அறிந்தவனுக்கே இது கைகூடும். சிவந்த கம்பளி நூலையும் இறகையும் முள்ளில் கட்டி மாசிடோனியா நாட்டார் மீன் பிடித்ததை, ஏலியன் என்ற ரோமானிய ஆசிரியர் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

இத்தகைய அமைதியான காரியத்தில் பந்தயம் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் சொல்லும் ஆட்சேபங்களில் ஒன்று எளிது: நூறு கஜ ஓட்டத்தில் எல்லோருக்கும் தரை ஒன்றுதான். ஆற்றிலோ ஒருவன் நிற்கும் மடுவில் பத்து மீன் இருக்கும். அடுத்தவன் மடுவில் ஒன்றும் இராது. இதில் வென்றவன் எவ்வாறு வல்லவன் ஆவான்?

இதற்குப் பந்தயக்காரர்கள் நல்ல விடை கண்டிருக்கிறார்கள். இந்த வித்தைக்கான உலகப் போட்டி 1981-இல் லக்ஸம்பர்க்கில் தொடங்கியது. அதில் நீர்நிலைகளைப் பகுதிகளாகவும், பகுதிகளைச் சிறு துண்டுகளாகவும் பிரித்து, சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குகிறார்கள். ஒரு வேளைக்கு மூன்று மணி நேரம். இவ்வாறு ஐந்து வேளை. மீன்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் கொண்டு புள்ளி கணக்கிடுவார்கள். ஆனால் ஒருவரை ஒப்பிடுவது அதே பகுதியில் நின்றவர்களோடு மட்டுமே. முதலிடத்துக்கு எண் ஒன்று, அடுத்த இடத்துக்கு இரண்டு. ஐந்து வேளைகளின் எண்களையும் கூட்டிப் பார்க்கையில் எவருடைய தொகை குறைவோ அவரே வென்றவர். ஒரு நாள் அதிர்ஷ்டம் ஒருவரை உயர்த்திவிட முடியாது.

இந்தப் போட்டியின் விதிகள் கடுமையானவை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டக்கூடாது, மிதவை கூடாது. கனம் வேண்டுமானால் ஈயின் உடலுக்குள்ளேயே வைத்துக் கட்ட வேண்டும். செக்கோஸ்லோவாக்கியா, போலந்து நாட்டார் இந்தத் தடையையே ஒரு வாய்ப்பாக்கிக்கொண்டார்கள். கனத்த ஈக்களைக் கட்டி, நீளமாக வீசாமல், கோலின் நுனிக்கு நேர் கீழே ஆற்றின் அடித்தளத்தை ஒட்டி மிதக்க விட்டார்கள். 1980-களில் உலகப் போட்டிகளின் வழியாக அந்த முறை பிற நாடுகளுக்குப் பரவியது. இன்று பந்தயத்தை வெறுக்கும் தூண்டிற்காரரும் அதைக் கையாளுகிறார். இது பந்தயத்தின் கொடை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் என் நண்பரின் கதையையும் சொல்ல வேண்டும். பந்தயங்கள் முடிந்த பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு சிற்றாற்றுக்குப் போனோம். எண்ணுவோரும் அளப்போரும் அங்கே யாருமில்லை. அவரோ கால் மணிக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மீன் ஒன்று பாறை நிழலில் எழுந்து எழுந்து உண்டுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, சிறு மீன்கள் கூட்டமாக இருந்த கீழ்த் துறைக்கு விரைந்தார். 'அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தால் நேரம் வீண்' என்றார். எதற்கு வீண் என்று நான் கேட்டேன். சற்று நேரம் விழித்துவிட்டு, கோலைக் கரையில் சாத்தி வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. ஓடுகிறவன் தன் இஷ்டத்தோடு ஓடுகிறான். மீன் எந்தப் பந்தயத்துக்கும் சம்மதம் கொடுத்ததில்லை. உலகப் போட்டியில் எதிர்ப்பல் இல்லாத முள்ளையே கட்டுகிறார்கள். மீனை அளந்தவுடன் உயிரோடு விட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் டிரவுட் குளிர்ந்த நீரின் மீன். வெப்பம் 20 பாகையைத் தாண்டினால் நீரில் பிராணவாயு குறையும். போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் மாளக்கூடும். தனியே மீன் பிடிப்பவன் நீரில் கை வைத்துப் பார்த்து, இன்று வேண்டாம் என்று வீடு திரும்பலாம். விமானமேறி வந்த அணிகளும் குறித்த தேதியும் உள்ள பந்தயத்துக்கு அது அவ்வளவு சுலபமன்று. அன்று பந்தயத்தை நிறுத்தத் துணிகிறவர்களுக்கு மட்டுமே ஆற்றில் போட்டி நடத்தும் உரிமை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மீனே இல்லாத போட்டியும் ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் 1938-இல் கட்டிய தொட்டிகள் இருக்கின்றன. நீரில் வளையங்கள் மிதக்கும்; குறி தவறாமல் அவற்றுள் கயிற்றை வீச வேண்டும். தூரத்துக்கு வீசும் போட்டி தனி. 1960-இல் ஜோன் உல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 161 அடி தூரம் வீசினார். இந்தத் தொட்டிகளில் வீசும் ஈக்களில் முள் இருப்பதில்லை, நூற்குஞ்சம் மட்டுமே.