கிணற்றடி, வேலி, தேயிலைச் சாயம்

இலங்கைப் போரில் ஊரை விட்டு ஓடிய பலரிடம் வீட்டு உறுதி இல்லை. ஆனால் கிணறு எந்தப் பக்கம், மாமரம் எங்கே நின்றது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். அந்நாட்டின் சமகாலக் கலைஞர்கள் சிலர் கையில் எடுத்திருப்பது இந்த ஞாபகத்தைத்தான்.

மனதில் இருக்கும் வீடு

யாழ்ப்பாண ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன், இடம்பெயர்ந்த 80 பேரிடம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்களின் கைப்படம், அதையொட்டிய கட்டட வரைபடம், தன் ஓவியம் மூன்றையும் சேர்த்து 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. ஆட்சியாளரின் ஏட்டுக்கு இருந்த பெயர், காணி இழந்தவர்களின் ஏட்டுக்கு வந்தது.

வேலியும் தேயிலையும்

யாழ்ப்பாணத்து வேலிக்கு உயிர் உண்டு. நட்ட கிளுவையும் பூவரசும் துளிர்த்து மரமாகும். போர்க்காலத்தில் முள்கம்பியும் வந்தது. வேலியைப் பார்த்தாலே ஊருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ஜஸ்மின் நிலானி ஜோசப் அந்த வேலிகளைத்தான் வரைகிறார்.

மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரத்துக்குத் தேயிலைச் சாயமே வண்ணம். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலோர், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த கைக்கு நாடு இல்லை என்றது சட்டம். அந்தச் சாயத்தில் வரைந்த படத்தில் செடியையும் வரலாற்றையும் ஆளையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஏன் கூட்டுக் கண்காட்சி?

இப்படிப்பட்ட படைப்புகளைத் தனித்தனியே பார்த்தால், ஒருவர் கதையைத் தனித்துயரம் என்று ஒதுக்கிவிடலாம். பலரின் கதைகள் ஒரே கூரையின்கீழ் வரும்போது அது முடியாது. ஷர்மினி பெரேரா தொகுத்த, ‘ஒரு லட்சம் சிறு கதைகள்’ என்று பொருள்படும் கண்காட்சிக்குப் பெயர் தந்தது கவிஞர் சேரனின் கவிதை. 2018இல் டாக்காவில் தொடங்கிய அது, 2019 டிசம்பரில் கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முதல் கண்காட்சியானது. அங்கே விளக்கங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். அயலவர் துயரைத் தன் மொழியில் படிக்க அது ஒரு வாய்ப்பு.

இந்தப் படைப்புகளைப் பார்த்த பின், பிறந்த வீட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். திரும்பிப் போக முடிகிற நமக்கே கிணற்றடியில் கை தயங்கும். அந்த 80 பேரின் கை எப்படி நடுங்கியிருக்கும் என்பது அப்போது புரியும்.