மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு எந்தக் கேமரா ஏற்றது?

மழை, தூசு, அதிர்வு மூன்றையும் தாங்கினால்தான் படம் வீடு வந்து சேரும்

வார இறுதியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உண்டு. லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடம் என எல்லாவற்றையும் படம் பிடித்து வந்து வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

1950, 60-ஆம் ஆண்டுகளின் தோட்டத் துண்டாடலில் தொடங்கி, பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டு எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் மறைந்துவிட்டன. இன்று நிற்கும் லயம் அடுத்த ஆண்டும் நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் எடுத்த படம், திரும்பும் வழியில் பெய்த மழையில் கேமராவோடு போய்விட்டால், அதை மறுபடி எடுக்க வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். அதனால் பயணத்துக்கான கேமராவை விலையை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

கைத்தொலைபேசி போதாதா?

பலருக்குப் போதும். வெளிச்சம் உள்ள இடத்தில் இன்றைய கைத்தொலைபேசிகள் நல்ல படம் எடுக்கின்றன. ஆனால் மோட்டார் சைக்கிளில் அதற்கு இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது அதிர்வு. வழி பார்ப்பதற்காகப் பலர் கைத்தொலைபேசியை ஹேண்டிலில் பொருத்திக்கொள்கிறார்கள். கை நடுங்கினாலும் படம் ஆடாமல் இருக்க, அதன் கேமராவுக்குள் லென்ஸைத் தாங்கி நகர்த்தும் மிக நுண்ணிய அமைப்பு இருக்கிறது. எஞ்சினின் இடைவிடாத அதிர்வு ஹேண்டில் வழியாக ஏறி அந்த அமைப்பைக் கெடுக்கக்கூடும். ஆப்பிள் நிறுவனமே 2021-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிளில் ஐபோனை நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்றும், சிறிய ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைக் குறைக்கும் தாங்கியைப் பயன்படுத்துங்கள் என்றும் அது அறிவுறுத்தியது. சட்டைப் பையில் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது மழை. திரை நனைந்தால் விரல் தொடுவது சரியாகப் பதியாது, கையுறையோடும் பெரும்பாலும் வேலை செய்யாது. வழி காட்டவும் அவசரத்துக்கு அழைக்கவும் இருக்கும் ஒரே கருவியின் பேட்டரியைப் படம் எடுத்தே தீர்த்துவிடுவதும் நல்லதல்ல. தனிக் கேமரா வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ஐபி எண் சொல்வது என்ன?

பெட்டியின் மேல் ஐபி67, ஐபி68 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் தூசைக் குறிக்கிறது. 6 என்றால் தூசு உள்ளே புகாது. இரண்டாவது எண் நீரைக் குறிக்கிறது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, அதன் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிடுவார்.

இந்தச் சோதனைகள் அசையாத நல்ல தண்ணீரில் நடப்பவை. வண்டி கழுவும் கடையின் அழுத்தக் குழாயையும் கடல் நீரையும் தாங்கும் என்று அதற்குப் பொருளல்ல. சேறு பட்டால் மூடிகள் எல்லாம் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சாதாரணத் தண்ணீரில் மெதுவாக அலசினால் போதும்.

முரட்டுக் கேமராக்கள்

இத்தகைய பயணங்களுக்கென்றே செய்தவை 'டஃப்' வகைக் கேமராக்கள். முன்பு ஒலிம்பஸ் என்ற பெயரில் வந்த வரிசையில், இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் விற்கப்படும் டிஜி-7 இதில் பெயர் பெற்றது. 2023-இல் வந்த இது 15 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், 100 கிலோ எடை அழுத்துவதையும் தாங்கும்படி செய்யப்பட்டது. எடை சுமார் 250 கிராம். ஒரு சென்டிமீட்டர் அருகில் வைத்தும் படம் எடுக்கலாம் என்பதால், பழைய அடையாள அட்டை, கல்லில் வெட்டிய பெயர், மங்கிய ரசீது போன்றவற்றைப் பதிவு செய்ய மிகவும் உதவும். ரிக்கோவின் டபிள்யூஜி-6 கேமராவும் இதே இனம்தான். அது 20 மீட்டர் ஆழம் வரை தாங்கும்.

இவற்றின் லென்ஸ் வெளியே நீளாது. பெரிதாக்கிக் காட்டும் வேலை முழுவதும் உடலுக்குள்ளேயே நடக்கும். சாதாரணச் சிறு கேமராவில் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது, தோட்டத்துச் செம்மண் தூசும் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். முரட்டுக் கேமராவில் அந்த இடுக்கே இல்லை. பொத்தான்களும் கையுறையோடு அழுத்தும் அளவுக்கு எடுப்பாக இருக்கும்.

குறையும் உண்டு. டிஜி-7-இன் படம் பதியும் சில்லு சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் உள்ள ஓர் அங்குல வகைச் சில்லு 13 மில்லிமீட்டர் அகலம், பரப்பில் சுமார் நான்கு மடங்கு. இருட்டத் தொடங்கிய பிறகு கோயில் விளக்கொளியில் எடுத்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ரிக்கோ ஜிஆர் 3-இன் சில்லு இன்னும் பெரியது, எடையோ 257 கிராம்தான். ஆனால் ஆர்எக்ஸ்100, ஜிஆர் 3 இரண்டுக்கும் மழை, தூசுக் காப்பு இல்லை. இவற்றைக் கொண்டுபோவோர் நீர் புகாத பையில் வைத்து, மழை விட்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

எந்த வானிலையிலும் எடுக்க வேண்டும் என்றால் முரட்டுக் கேமரா. படத்தின் தரமே முக்கியம், பொறுமையும் உண்டு என்றால் பெரிய சில்லு உள்ள கேமரா. இரண்டும் ஒரே விலையில், ஒரே உடலில் கிடைக்காது.

கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்கள் சாலைக் காட்சியைக் காணொளியாகப் பதிவு செய்வதற்கு ஏற்றவை. உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும். ஆனால் அவற்றின் அகன்ற லென்ஸ், நேராக நிற்கும் லயத்து வீட்டு வரிசையைக்கூட ஓரத்தில் வளைத்துக் காட்டும். தூரத்தில் இருப்பதை அருகில் கொண்டுவரவும் முடியாது.

எங்கே வைத்துக்கொள்வது?

கழுத்தில் தொங்கவிடக்கூடாது. வார் எதிலாவது மாட்டினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும். நெஞ்சுப் பையிலோ பின்பையில் முதுகை ஒட்டியோ வைத்தால், விழும்போது கேமராவே உடம்பைக் காயப்படுத்தும். கப்சாய் வண்டியின் இருக்கைக்கு அடியில் எஞ்சின் சூடு ஏறும். வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டியும் அடுப்பைப் போல் ஆகிவிடும். தடித்த பஞ்சு வைத்த சிறு பையில் போட்டு, பின்பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைப்பது நல்லது. வண்டியை நிறுத்தியதும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேமரன் மலையின் குளிரிலிருந்து தாப்பா பக்கம் இறங்கியதும் கேமராவைத் திறந்தால் கண்ணாடியில் நீர் படியும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போதும் இதே கதைதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்து எடுத்தால் இந்தத் தொல்லை இராது.

பழைய கேமரா வாங்கலாமா?

நிக்கோன் டபிள்யூ300, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்பி140, பானசோனிக் எஃப்டி7 ஆகிய முரட்டுக் கேமராக்களின் தயாரிப்பு நின்றுவிட்டதால், பெரும்பாலும் பழையதாகவே கிடைக்கின்றன. இவற்றை வாங்கும்போது பேட்டரி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை முதலில் பார்க்க வேண்டும். நீரைத் தடுப்பது அதுதான். வெடிப்போ நசுங்கலோ தெரிந்தால், அந்தக் கேமரா தண்ணீரைத் தாங்காது என்றே கொள்ள வேண்டும். புதியதாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் காப்புப் பாகங்களை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அந்த வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் நீர் உள்ளே புகுந்துவிடும். மின்னேற்றம் செய்யும்போது மூடி திறந்திருப்பதால், மழையில் வண்டியிலிருந்து மின்னேற்றக்கூடாது.

புதிதாக வாங்குவோர் உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உண்டா, நீர் புகுந்தால் அது செல்லுமா என்று கடையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றுப் பேட்டரி ஒன்றுக்கும் நினைவு அட்டை இரண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

வீடு திரும்பியதும்

நம் நாட்டு ஈரக்காற்றில், அலமாரியில் மூடிக்கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்ட இறுக்கமான டப்பாவில் கேமராவை வைப்பது மலிவான வழி. படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். கேமரா தப்பித்தும் நினைவு அட்டை தொலைந்து படங்களை இழந்தவர்கள் உண்டு.

ஓட்டிக்கொண்டே படம் எடுப்பது கூடவே கூடாது. நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் படத்துக்காக நிற்பதும் குற்றமே. ஓய்வு நிலையத்தில் நிறுத்தி எடுக்கலாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால், நுழைவாயிலில் ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போவதே முறை. அங்கே இன்னும் குடியிருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு எடுத்து, அவர்களின் பெயரையும் எந்த லயம், எந்த ஆண்டு வந்தவர்கள் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் கேமராவின் தேதியைச் சரிபார்த்தால் போதும், எடுத்த நாளை அதுவே பதிவு செய்துவிடும். பெயரை மட்டும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.