கிருமி மட்டுமா குற்றவாளி?

"அவன் தலைவிதி, எலும்புருக்கி வந்து மாண்டான்" என்று பேசும் வாய்கள் இன்னும் அடைபடவில்லை. முன்வினை என்பார், சாபம் என்பார், பரம்பரை என்பார். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமியே என்று மெய்ப்பித்துக் காட்டினாரே, அன்றே அந்தப் பேச்செல்லாம் புதைகுழிக்குப் போயிருக்க வேண்டும்!

ஆனால் தோழர்களே, விதியை விரட்டிக் கிருமியைப் பிடித்த நாம் அத்தோடு நின்றுவிடலாமா? கிருமி புகுந்தவரெல்லாம் நோயாளி ஆவதில்லை. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த கணக்கெடுப்பில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் இக்கிருமி புகுந்திருப்பது தெரிந்தது. ஆலை முதலாளியின் உடலிலும் இருக்கலாம், அவர் காரோட்டியின் உடலிலும் இருக்கலாம். இப்படிப் புகுந்தவர்களில் வாழ்நாளில் நோய்ப்படுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. மற்றவர் உடலில் அது என்னதான் செய்கிறது?

சிறைப்பட்டுக் கிடக்கிறது. இருமலின் நுண்துளியோடு நுரையீரலின் காற்றறைக்குள் நுழையும் கிருமியை, அங்கே காவல் நிற்கும் வெள்ளணு அப்படியே விழுங்கும். வேறு கிருமியாயிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இதுவோ மெழுகுப் போர்வை போர்த்திய எத்தன். விழுங்கிய அணுவின் வயிற்றுக்குள்ளேயே, செரிக்கும் சாறு தன்னை அண்டாதபடி தடுத்துக் குடித்தனம் நடத்துகிறது. உடல் சும்மா இருக்குமா? மேலும் படை அனுப்பிச் சுற்றிலும் மதில் எழுப்புகிறது. அந்த மதிலுக்குள் கிருமி பத்தாண்டு, இருபதாண்டுகூட அடங்கிக் கிடக்கும். மதில் கல்லால் ஆனதன்று, உயிருள்ள அணுக்களால் ஆனது. செத்த காவலருக்குப் பதில் புதிய காவலர் வந்துகொண்டே இருக்கவேண்டும். அவர்களை உண்டாக்கப் பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும். அரைவயிற்றுக் கஞ்சியில் காவல் குறைகிறது, மதில் சரிகிறது, கைதி வெளியே வருகிறான். நீரிழிவும் புகையும் குடியும் இதே வேலையைச் செய்யும். கல்லுடைக்கும் தோழர் நிலையோ இன்னும் கொடிது. கருங்கல் தூசியிலுள்ள சிலிக்காவை விழுங்கும் காவலணு, தானே மடிந்துபோகிறது. துளையிடும் இடத்தில் தண்ணீர் விட்டால் பெருமளவு அடங்கும் தூசி அது. அந்தத் தண்ணீரை மிச்சம் பிடித்து யார் பணம் சேர்த்தார்?

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் உலகுக்கே ஒரு பாடம் சொன்னது. சென்னை ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு சாராரைச் சானடோரியத்தில் படுக்கவைத்து நல்லுணவு தந்து மருந்து கொடுத்தனர். மறு சாராருக்கு அவரவர் வீட்டிலேயே அதே மருந்து. ஓராண்டு சென்றதும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். 1959-இல் வெளியான இந்த முடிவு, சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழைக்கு விடுதலைச் செய்தி. இன்றும் மருந்தை நடுவில் நிறுத்துபவன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான்.

ஆனால் இதைக் காட்டியே "மாத்திரை போதும், சோற்றைப் பற்றிப் பேசாதே" என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. நோய் வந்தவனை மருந்து காக்கிறது, சரி. அதே அறையில் படுத்துறங்கும் மனைவி மக்கள்?

இதற்கு விடை ஜார்க்கண்டில் கிடைத்தது. 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவும் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான்! உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் கண்டவர் தொகை, பெறாத வீடுகளைவிட 39 விழுக்காடு குறைவு. பிறருக்குத் தொற்றும் வகை 48 விழுக்காடு குறைவு. முடிவு 2023-இல் 'லான்செட்' ஏட்டில் வந்தது. சேத்துப்பட்டு நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று டில்லி முழங்கியது. ஆண்டு போயிற்று, நோய் போகவில்லை. நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தனர், 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினர். உயர்த்தியதை மறுக்கவில்லை. மெலிந்து தளர்ந்த நோயாளியை முதலிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கத் தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த திட்டத்தையும் பாராட்டத்தான் வேண்டும். வீட்டாருக்கு? தடுப்பு மருந்து உண்டு, அதை வாங்கி உண்ணவும் வேண்டும். உணவுப் பையோ, கொடையாளர் எவரேனும் மனம் இரங்கினால் வரும் என்கிறார்கள். ரேஷன் கடை இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, நோயாளியின் முகவரி சுகாதார நிலையத்தில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பைக் கூடுதலாக எழுத எந்த வள்ளலின் வரவுக்காகக் காத்திருக்கிறார்கள்?