மரத்தூளைப் பிடிக்கும் வித்தை

காங்கேயத்துக் காளையைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். காங்கேயத்து அரிசி மில்களையும் தேங்காய்ப் பருப்புக் களங்களையும் வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். ஆனால் அந்த அரிசி மில்களின் கூரை மீதோ, பக்கச் சுவர் ஓரமோ, மேலே உருளையாகவும் கீழே புனலாகவும் அமைந்த ஒரு பெரிய தகரக் கூம்பு நிற்கிறதே, அதை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்தான். வீட்டின் பின்கட்டில் பலகையும் ரம்பமும் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தச்சு வேலை பழகும் அன்பர்கள் அந்தக் கூம்பின் அருகில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம். அவர்களுடைய மூச்சுக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

வீட்டிலேயே மர வேலை செய்யும் ஆசை இப்பொழுது நடுத்தரக் குடும்பங்களிலும் பரவி வருகிறது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் பேரனுக்கு நடைவண்டி செய்கிறார். காலேஜில் படிக்கும் பையன் தன் புஸ்தகங்களுக்கு அலமாரி செய்கிறான். இது மிகவும் நல்ல காரியம். கையும் கண்ணும் மனமும் ஒன்றாக உழைக்கும் வேலை இதைப் போல் வேறொன்று கிடைப்பது அரிது. ஆனால், வேலை முடிந்த பிறகு பட்டறையில் மிதக்கும் தூசியைப் பற்றி நூற்றுக்கு ஒருவராவது யோசிக்கிறாரா என்பது சந்தேகம்.

வாச்சியும் யந்திரமும்

நம் ஊர்த் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக வேல மரத்தில் வண்டியும் ஏரும் செய்து வந்தார்கள். அவர்களுடைய பட்டறையில் தூசி இல்லாமல் இல்லை. எனினும் வாச்சியால் செதுக்கினால் சிராய் விழும்; இழைப்புளியைத் தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் விழும்; கை ரம்பத்தால் அறுத்தால் குருணை போன்ற தூள் காலடியில் குவியும். பெருக்கி அள்ளி அடுப்பில் போட்டால் தீர்ந்தது காரியம்.

மின்சார யந்திரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. வட்ட ரம்பம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது. உப்புத்தாள் யந்திரமோ மரத்தை அறுப்பதுமில்லை, சீவுவதுமில்லை, மாவாக அரைத்துவிடுகிறது. மரமும் அதுவே, தச்சரும் அவரே. வெளிவரும் தூசி மட்டும் முற்றிலும் வேறு.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரியார் ஒருவரிடம், “ஏனுங்க, இந்தத் தூசி மூச்சுக்குள்ளே போகாதுங்களா?” என்று கேட்டேன்.

“போனா என்னங்க வாத்தியாரே? மூக்குக்குத் துண்டைக் கட்டிக்கிறேனுங்க. மிச்சம் மீதி உள்ளே போனா ஒரு தும்மல்லே வெளியே வந்துருமுங்க” என்றார் அவர்.

அவர் சொன்னதில் பாதி வாஸ்தவம். தும்மலில் வெளியே வருகிற தூசி தும்மலில் வந்துவிடும். விஷயமெல்லாம் தும்மலுக்கு அகப்படாத தூசியைப் பற்றியது.

தும்மலுக்கு அகப்படாதது

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள துகள் நெஞ்சு உயரத்திலிருந்து தரைக்கு வந்து சேர ஆறேழு வினாடிகள் போதும். 10 மைக்ரான் துகளுக்குச் சுமார் 8 நிமிஷம் ஆகும். ஒரு மைக்ரான் துகளோ, காற்று அசையாத அறையிலும், அந்த ஐந்தடி தூரத்தை இறங்க அரை நாள் எடுத்துக்கொள்ளும்! காலையில் உப்புத்தாள் போட்டவர் கை கால் கழுவி, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தாலும் அந்தத் தூசி அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். கதவு திறந்திருந்தால், கூடத்தில் படுத்திருக்கும் பாட்டியின் மூச்சிலும் தொட்டிலில் இருக்கும் குழந்தையின் மூச்சிலும் அது கலக்கும்.

பெரிய துகள்களை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடுகின்றன. மிக நுண்ணியவை அந்தக் காவலைத் தாண்டி நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன. துணித் துண்டின் இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அவற்றுக்கு ராஜபாட்டை.

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்து வைத்தியர் ராமாசீனி ஒரு பெரிய நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளுடன், “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி மற்ற வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். அந்தக் கேள்வியின் பெருமை 1960-களில் இங்கிலாந்தில் விளங்கிற்று. நாற்காலி செய்வதற்குப் பேர் போன ஹை விக்கம் என்னும் ஊரில், மூக்கினுள் தோன்றும் ஓர் அபூர்வமான புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடையே மிகுதியாகக் காணப்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண் வைத்தியர் கவனித்தார். அவரும் டொனால்ட் ஆச்சிசன் முதலியோரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1968-இல் வெளியாயிற்று. பின்னர் 1995-இல், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்னும் முதல் வகுப்பில் சேர்த்தது.

இதைக் கேட்டு யாரும் ரம்பத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளர்கள் பல வருஷங்கள், நாள் முழுதும் தூசியில் நின்றவர்கள். ஆயினும் மற்றத் தொந்தரவுகளுக்கு அத்தனை காலம் வேண்டாம். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஈட்டி மரத் தூளும் அப்படியே. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த மரத்தூளும் ஆகாது. இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் எம்.டி.எஃப். பலகையில் மர இழைகளோடு பிசினும் உண்டு. அதை அறுக்கும்போது வரும் தூள் மிகவும் நுண்ணியது.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தூசியை உறிஞ்சும் சாதனம் வேண்டியிருந்தால், தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அதைப் பொருத்த வேண்டும் என்று 14-ஆவது பிரிவில் விதித்தது. பின்கட்டுப் பட்டறைக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே வீட்டுக்காரரேதான் இன்ஸ்பெக்டர்.

ஊதுவது வேறு, உறிஞ்சுவது வேறு

“பிறக்கும் இடத்துக்கு அருகில்” என்ற அந்தச் சொற்களில்தான் வித்தை முழுதும் அடங்கியிருக்கிறது. ஒரு முழ தூரத்தில் இருக்கும் அகல் விளக்கை வாயால் ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று நேர்க்கோட்டில் பாய்கிறது. உறிஞ்சும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. குழாய் வாயின் அகலம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகையால் பட்டறை மூலையில் பெரிய விசிறி ஒன்றை ஓட்டிவிட்டுத் தூசி போய்விடும் என்று நம்பிப் பயனில்லை. ரம்பத்தின் அடியை மூன்று பக்கமும் பலகையால் மூடி, அங்கிருந்தே குழாய் எடுக்க வேண்டும். பலகைக்கு மேலே தெறிக்கும் தூளுக்கு, ரம்பத்தின் காப்பு மூடியிலிருந்து இன்னொரு சிறு குழாய் வேண்டும்.

அடுத்தது குழாயின் பருமன். மரத்தூள் வழியில் தங்காமல் போகக் காற்று நிமிஷத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல், ஓட வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாயில் நிமிஷத்துக்குச் சுமார் 350 கன அடி காற்றுதான் போகும். 6 அங்குலக் குழாயிலோ 780 கன அடி போகும். சீவலை மட்டும் அள்ள முன்னது போதும். நுண்ணிய தூசியையும் இழுத்துக்கொள்ளப் பின்னதே தேவை. பெரிய குழாய்க்கு ஏற்ற சக்தியுள்ள ப்ளோயரும் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண பி.வி.சி. குழாயே போதுமானது. வளைவுகளைக் குறைக்க வேண்டும். வளைத்தே ஆகவேண்டிய இடத்தில், செங்குத்தாகத் திருப்பாமல் இரண்டு பாதி வளைவுகளாகத் திருப்ப வேண்டும். உட்புறம் நெளிநெளியாக இருக்கும் வளைகுழாய் காற்றின் சக்தியைத் தின்றுவிடும். அது இரண்டு முழத்துக்கு மேல் வேண்டாம்.

கூம்பின் வேலை

இப்பொழுது அரிசி மில் கூம்புக்கு வருவோம். மில்காரர்கள் அதை ‘சைக்ளோன்’ என்பார்கள். சைக்ளோன் என்றால் சூறாவளி, பொருத்தமான பெயர்தான். தவிடும் தூசியும் கலந்த காற்று உருளையின் ஓரத்தில் பக்கவாட்டாக நுழைந்து, சுவரை ஒட்டிச் சுழல்கிறது. கனமான துகள்கள் வெளிப்புறம் தள்ளப்பட்டுச் சுவரில் மோதி, வழுக்கிக்கொண்டு புனல் வழியே கீழே இறங்கிவிடுகின்றன. இலேசான காற்று நடுவிலே மேலெழுந்து, உச்சியிலுள்ள குழாயால் வெளியேறுகிறது. இதில் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. ஆதலால் தேய்வும் குறைவு. 1885-இல் அமெரிக்காவில் ஜான் ஃபிஞ்ச் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். மாவு மில்களும் மர மில்களும் இதை விரைவிலேயே கைக்கொண்டன.

வீட்டுப் பட்டறைக்கு ஆள் மார்பளவு உயரமுள்ள ஒரு சிறு கூம்பு போதும். மில் வேலைக்குத் தகரம் அடிக்கும் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்துவிடுவார்கள். கீழே மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைக்க வேண்டும். பீப்பாயில் ஊசித் துவாரம் இருந்தாலும் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து, விழுந்த தூளை மறுபடியும் கிளப்பிவிடும். ப்ளோயரைக் கூம்புக்குப் பிறகு வைப்பதே முறை. அப்பொழுதுதான் மரச் சிராயும் ஆணித் துண்டும் அதன் இலைகளில் மோதாமல் இருக்கும்.

கூம்பினால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. மிக நுண்ணிய தூசியில் ஒரு பகுதி காற்றோடு தப்பிவிடும். குளிர் தேசங்களில் அறையைச் சூடாக்கச் செலவு செய்கிறார்கள். சூடான காற்றை வெளியே விட மனம் வராமல், விலையுயர்ந்த வடிகட்டிகளின் வழியாக அதை அறைக்குள்ளேயே திருப்புகிறார்கள். காங்கேயத்தில் நமக்கு அந்தக் கவலை எதற்கு? இங்கே எந்த மாசத்தில் யார் அறையைச் சூடாக்கப் போகிறார்கள்? கூம்பில் தெளிந்த காற்றை நேரே வெளியில் விட்டுவிடலாம். பட்டறையை விட்டு ஒருமுறை வெளியேறிய தூசி நம் மூச்சுக்குத் திரும்பாது. அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கி விடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அக்கம்பக்கத்தில் வீடுகள் நெருங்கியிருந்தால் வடிகட்டிப் பை மாட்டத்தான் வேண்டும். அந்தப் பையையும் பட்டறைக்கு வெளியே, ஒரு சிறு தாழ்வாரத்தில் மாட்டுவது நலம்.

போக்குக் குழாயை எந்தத் திசையில் வைப்பது? பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்பது கொங்கு நாட்டார் அறிந்ததே. குழாயின் வாய் மேற்கே பார்த்திருந்தால் அவ்வளவும் திரும்ப உள்ளேயே வரும். கிழக்கே பார்த்து வைத்து, ஐப்பசி மழைக்கு ஒரு தொப்பியும் போட வேண்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டும். எதிர்ப்புறத்து ஜன்னல் ஒன்று எப்பொழுதும் திறந்திருக்கட்டும்.

செலவில்லாத காரியங்கள்

எல்லோராலும் கூம்பும் ப்ளோயரும் வாங்க இயலாது. அவர்களும் செய்யக்கூடியவை பல. உப்புத்தாள் வேலையை வேப்பமர நிழலில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யலாம். இழைப்புளியால் முடியும் வேலைக்கு யந்திரத்தை எடுக்காமல் இருக்கலாம். சிறிய உப்புத்தாள் யந்திரத்தில் வீட்டு வாக்குவம் கிளீனரை மாட்டினால் பெரும்பகுதி தூசி பிறக்கும்போதே அகப்படும். துண்டுக்குப் பதிலாக என்-95 முகமூடியை முகத்தோடு ஒட்டும்படி அணிய வேண்டும். வேலை முடிந்த உடனே அதைக் கழற்றக் கூடாது. வாசலைப் பெருக்குமுன் தண்ணீர் தெளிக்கும் நம் பெண்களின் வழக்கம் பட்டறைக்கும் உகந்தது. கம்ப்ரெஸரால் தூசியை ஊதித் தள்ளுவது, உட்கார்ந்த தூசியை எழுப்பி மூக்குக்கு உபசாரம் செய்வதாகும்.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பைத் தீட்டும் சாணை யந்திரத்தை இந்தக் குழாயோடு ஒருநாளும் இணைக்கக் கூடாது. ஒரு பொறி பீப்பாயிலுள்ள தூளில் விழுந்து, மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று, ராத்திரியில் பற்றிக்கொள்ளும். பீப்பாயை அவ்வப்போது காலி செய்துவிட வேண்டும். எம்.டி.எஃப்., பிளைவுட் தூளை அடுப்பிலும் போடக் கூடாது, மாட்டுத் தொழுவத்திலும் பரப்பக் கூடாது.

ஏற்பாடெல்லாம் சரிதானா என்று அறிய ஒரு பரீட்சை உண்டு. அந்திக்குப் பிறகு கொஞ்ச நேரம் மரம் அறுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கை டார்ச்சை ஏற்றி, அதன் ஒளிக் கற்றையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத தூசி அப்பொழுது மின்மினிக் கூட்டம் போல் தெரியும். கற்றை தெளிவாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மின்மினிகள் பறந்தால், குழாயின் வாயை ரம்பத்துக்கு இன்னும் ஓர் அங்குலம் அருகில் கொண்டு போங்கள்.